சோதனை எண் ஒன்று

"குரலக்கா, இந்தப் பதினாலு நம்பரையும் தூக்கிடலாமா?"

துடைப்பம் இதைக் கேட்டபோது மணி ஒன்பது நாற்பது. பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் டெமோ பார்க்க வரப்போகிறார்கள். ஆறாவது மாடி முழுக்க, மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிற வீடு மாதிரி ஒரே பரபரப்பு. யாரோ யாரையோ நாற்காலியை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நகர்த்தியவரை இன்னொருவர் பழைய இடத்துக்கே நகர்த்தச் சொன்னார்.

துடைப்பம் என்பது அந்தப் பெண் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் மூன்று வருடமாகச் சேர்ந்த குப்பையைப் பெருக்குவதற்கென்றே இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலைக்கு எடுத்திருந்தார்கள். முதல் நாள் அறிமுகத்தில், "நான்தான் இனிமே இங்க துடைப்பம்" என்றாள். சிரித்தார்கள். ஒட்டிக்கொண்டது.

குரலக்காவுக்கும் அப்படி ஒட்டியதுதான். அவளுக்கு வயது முப்பத்திமூன்று. அந்த மாடியில் அது பாட்டி வயது.

கம்பெனி செய்வது எளிமையான வேலை. தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் தினமும் காலை ஏழேகாலுக்கு மெஷின் போன் போடும். 'காலை வணக்கம். நலமாக இருந்தால் ஒன்றை அழுத்துங்கள்' என்று ஒரு குரல் சொல்லும். அழுத்தினால், எங்கோ இருக்கும் மகனின் போனிலோ மகளின் போனிலோ ஒரு பச்சைப் புள்ளி விழும். அழுத்தாவிட்டால் மெஷின் இன்னும் இரண்டு முறை கூப்பிடும். அப்போதும் இல்லையென்றால் புள்ளி சிவப்பாகும், மணி அடிக்கும், அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் போகும், கம்பெனி ஆள் நேரில் போய்க் கதவைத் தட்டுவார்.

அந்தக் குரல் அவளுடையது. ஒன்பதாயிரம் வீடுகளுக்குத் தினமும் காலை வணக்கம் சொல்கிறவள். ஆனால் லிஃப்டிலிருந்து இறங்கித் தன் மேஜைக்கு நடந்து போகும் நாற்பது அடியில் அவளுக்கு வணக்கம் சொல்ல ஆளில்லை. எல்லோர் காதிலும் ஏதாவது ஒன்று மாட்டியிருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாற்காலிக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. மூன்று பேர். கீழே ரம்பம் ஓடாத நேரம் பார்த்து, தலைமேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வார்னிஷ் நெடியில் மூச்சுமுட்ட அவள் அந்த இரண்டு வாக்கியங்களைப் பதிவு செய்தாள். நிறுவனர் அவளோடு கல்லூரியில் படித்தவன். எதைச் சொன்னாலும் 'அவசரம்' என்று முடிப்பான், அதனால் பெயரே அவசரம். கூப்பிட்டால் 'டா'தான். விளம்பரம் எழுதியது அவள், ஆள் எடுத்தது அவள், வாடிக்கையாளர் திட்டினால் வாங்கிக்கொண்டது அவள். கம்பெனி வளர வளர, அவள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இலாகா முளைத்தது. ஒவ்வொரு இலாகாவும் அவளுக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் அனுப்பிவிட்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டு போனது. நன்றி மெயில்கள் பதினொன்று ஆனபோது அவளிடம் மிச்சமிருந்தது குரல் மட்டும்தான். இன்றைய விசேஷமே அதுதான். மெஷின் அவள் குரலைக் கற்றுக்கொண்டுவிட்டது. இனி எந்த வாக்கியத்தையும் அவள் இல்லாமலே அவள் குரலில் சொல்லும். "தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்க அக்கா" என்று நேற்று யாரோ தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அவசரத்தைக் கூப்பிடுவதில் எப்போது 'டா' போய் 'சார்' வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறாள். நாள் நினைவில்லை. எழுபதாவது ஆள் சேர்ந்த சமயமாக இருக்கலாம்.

துடைப்பம் திரையைத் திருப்பிக் காட்டினாள். எல்லாம் ஆரம்ப காலத்துச் சோதனை எண்கள். பதினொன்று ஆபீஸ் ஆட்களுடையவை, இரண்டு உபயோகத்தில் இல்லாதவை.

"இந்த முதல் நம்பர்தான் புரியல. தினம் போன் போகுது. ஆனா நாப்பத்தி நாலு நாளா யாரும் ஒண்ணை அமுக்கல."

முதல் எண்ணை அவளுக்குத் தெரியும். அவள் கடைசியாக மனப்பாடம் செய்த போன் நம்பர் அது.

அது அவளுடைய அப்பா. ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். கம்பெனி தொடங்கிய வாரம், "இலவசமா ஒரு வயசானவர் வேணுமே" என்று அவசரம் தலையைச் சொறிந்தபோது, "எங்கப்பா இருக்காரு, எடுத்துக்கோடா" என்று கொடுத்தது அவள்தான்.

அவள் சிரித்தாள். இருக்க முடியாதே. தன் போனை எடுத்துக் காட்டினாள். 'அப்பா' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குண்டுமணி அளவுக்குப் பச்சைப் புள்ளி. இன்று காலை ஏழு பதினாறுக்குப் படுக்கையில் இருந்தபடியே பார்த்ததுதான். நேற்றும் பார்த்தாள். அவள் நினைவில் ஒரு நாள்கூட அது சிவப்பானதில்லை. புதிதாகச் சேர்கிறவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்.

துடைப்பம் அந்தப் புள்ளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, டெஸ்ட் நம்பர் எல்லாமே பச்சைதான். அமுக்கினாலும் பச்சை, அமுக்காட்டியும் பச்சை. அப்படித்தான் எழுதி வெச்சிருக்கு."

"யாரு எழுதச் சொன்னது?"

துடைப்பம் இரண்டு தட்டுத் தட்டிப் பழைய குறிப்பு ஒன்றைத் திறந்தாள். 'கேட்டவர்' என்ற இடத்தில் குரலக்காவின் பெயர் இருந்தது.

அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. கம்பெனியின் இரண்டாவது மாதம். முதல்முதலாக வெளி ஆட்கள் பார்க்க வந்தார்கள். சுவரில் மாட்டிய திரையில் அப்பாவின் எண் சிவப்பாக மின்னியது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் போனதும் அவள்தான் சொன்னாள், சோதனை எண்கள் எப்போதும் பச்சையாகவே இருக்கட்டும், விருந்தாளிகள் வருகிற இடம் என்று. அதை எழுதிய தாடிக்காரர் வேலையை விட்டே ஒன்றரை வருடம் ஆகிறது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டாகிவிடும் என்பார்கள். அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மூடியிருந்தாள்.

அப்பாவுக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

"நாப்பத்தி ஒரு நாள் போனை எடுத்திருக்காங்க, அமுக்கல" என்றாள் துடைப்பம் மெதுவாக. "கடைசி மூணு நாள் எடுக்கவே இல்லக்கா."

அவள் கடைசியாகப் பேசியது மூன்று வாரத்துக்கு முன்னால். மீட்டிங்குக்கு லிஃப்டில் ஏறும்போது அப்பாவே கூப்பிட்டிருந்தார். வேலையா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சரி, வைத்துவிடு என்றார். வைத்துவிட்டாள். அதற்கப்புறம் கூப்பிடத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவசியமே இல்லாமல் பச்சைப் புள்ளி பார்த்துக்கொண்டது.

அவசரத்தின் கண்ணாடி அறைக்குள் போக வேண்டுமென்றால் காலண்டரில் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்க வேண்டும். அவள் கேட்காமல் கதவைத் தள்ளினாள். விஷயத்தை நான்கு வாக்கியத்தில் சொன்னாள். அவன் நிஜமாகவே பதறினான். உடனே ஆளை அனுப்புவோம், அதற்குத்தானே கம்பெனி நடத்துகிறோம் என்று கீபோர்டைத் தட்டினான். தட்டிய கை நின்றது. அந்த ஊரில் கம்பெனிக்கு ஆள் கிடையாது. பக்கத்து வீட்டாருக்குப் போன் அடிப்போம் என்றான். பக்கத்து வீட்டு எண் என்ற கட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாக இலக்கங்கள் இருந்தன. சோதனை எண்தானே என்று அன்றைக்கு அவளே தட்டிவிட்டது. மற்ற ஒன்பதாயிரம் பேரிடமும் பக்கத்து வீட்டு எண் இல்லாமல் படிவத்தையே வாங்கக் கூடாது என்று விதி போட்டவளும் அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

"ஒண்ணு பண்ணு" என்றான். "பன்னண்டரைக்கு டெமோ முடிஞ்சிடும். என் கார்லயே போலாம்."

"நான் இப்ப போறேன்."

"குரலோட ஆளே இல்லாம எப்படி..."

அவன் முடிப்பதற்குள் அவள் லிஃப்டில் இருந்தாள்.

பத்து இருபது ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. எதிரே ஒருவர் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினார். மறுபடி போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். அந்தக் கட்டடத்தில் யாரையாவது தெரியுமா என்று யோசித்தாள். கீழே ஒரு தையல்காரர் இருக்கிறார், முகம் தெரியும். நம்பர் தெரியாது.

அப்போது துடைப்பத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அக்கா, ஒண்ணை அழுத்தச் சொன்ன பிறகு இருபது செகண்ட் மெஷின் காத்திருக்கும் இல்லையா, அந்த இருபது செகண்டும் பதிவாகுது. லிங்க் அனுப்பறேன். கேக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.'

நாற்பத்தியொரு பதிவுகள். காதில் மாட்டிக்கொண்டாள்.

முதல் நாள் வெறும் மூச்சு. நாற்காலி இழுபடும் சத்தம். இருபது நொடி முடிந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அப்பாவின் குரல், யாரோ அறையில் இருப்பது போல் சாதாரணமாக: "இன்னைக்கும் அமுக்கல. பார்க்கலாம்."

என்ன பார்க்கலாம்? அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. ஏழாம் நாள் விளங்கியது. "ஒரு வாரம் ஆச்சு. மூணு தடவை கூப்பிட்டு அமுக்கலைன்னா உனக்கு மணி அடிக்கும்னியே. அடிக்கலியா?"

பத்தொன்பதாம் நாள் அவர் பதில் வணக்கம் சொன்னார். இருபத்தி நான்காம் நாள், மெஷின் சொல்லி முடித்ததும் 'நலமாக இருந்தால்' என்று தானும் அதே இழுவையில் சொல்லிப் பார்த்தார். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். முப்பதாம் நாள், "சொன்னதையே சொல்றியேம்மா" என்றார். எதிர் சீட்டுக்காரர் செய்தித்தாளை விலக்கி அவளைப் பார்த்தார். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாற்பதாம் நாள்: "நேத்து குளிக்கிற இடத்துல வழுக்கிடுச்சு. பெருசா ஒண்ணுமில்ல."

நாற்பத்தியொன்றாம் நாள் பேச்சில்லை. மூச்சு மட்டும், அதுவும் கொஞ்சம் வேகமாக.

அதற்கப்புறம் மூன்று நாள். அந்த மூன்று நாளுக்குப் பதிவு எதுவும் இல்லை.

ரயில் ஏதோ ஒரு சிக்னலில் ஒன்பது நிமிடம் நின்றது. அந்த ஒன்பது நிமிடத்தில் அவள் அப்பாவை மூன்று விதமாக இறக்கவிட்டுப் பார்த்தாள். மூன்றிலும் கதவை உடைக்கிறவர்கள் யாரோ அந்நியர்கள்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. கட்டடத்து வாசல். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆயுளெல்லாம் லிஃப்ட் பார்த்த மனுஷன் லிஃப்ட் இல்லாத மாடியைத் தேடிப் பிடித்துக் குடிவந்ததை எல்லோரும் கிண்டல் செய்வார்கள். அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். மூன்றாவது மாடி. கதவு உள்ளே தாழ்ப்பாள். தட்டினாள். பதிலில்லை. உள்ளங்கையால் அடித்தாள். அப்பா என்று கத்த வாயைத் திறந்தபோது உள்ளே எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. நிதானமாக நெருங்கி வந்தது. தாழ்ப்பாள் விலகியது.

அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கணுக்கால் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தாடி வளர்ந்திருந்தது. உயிரோடு இருந்தார்.

அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"ஆபீஸ் லீவா?" என்றார்.

உள்ளே வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாதி ரொட்டிப் பாக்கெட். கீழ்வீட்டுத் தையல்காரர் மூன்று நாளாக வாங்கித் தந்துவிட்டுப் போகிறாராம். போன் மேஜை இழுப்பறையில் செத்துக் கிடந்தது. சார்ஜ் போடவில்லையா என்று கேட்டாள். வேண்டாமென்று விட்டுவிட்டதாகச் சொன்னார். எடுத்து அமுக்காமல் இருந்து பார்த்தாயிற்று, எடுக்காமலே இருந்து பார்க்கலாம் என்று தோன்றியதாம். யந்திரத்தில் எந்த ஒயர் போயிற்று என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறவரின் பொறுமையோடு சொன்னார்.

"கால் இப்படி வீங்கியிருக்கு. ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லக் கூடாதாப்பா?"

"கூப்பிட்டா வருவே. அது எனக்குத் தெரியும்." கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். "கூப்பிடாம வருவியான்னுதான் தெரியல."

அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சூடாக இருந்தது. பிறகு அவர் கேட்டார். நாற்பது நாள் மனசுக்குள் வைத்திருந்த கேள்வி மாதிரி இல்லை, நேரம் என்ன என்று கேட்பது போலத்தான் இருந்தது.

"மெஷின் சொல்லிச்சா, நீயா வந்தியா?"

இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார். நானாகத்தான் வந்தேன் என்றால் அந்த முகம் கொஞ்சம் மலர்ந்திருக்கும். மெஷின் சொன்னது என்றால் மகளின் கம்பெனி பரவாயில்லை, தாமதமானாலும் வேலை செய்கிறது என்று நான்கு பேரிடம் சொல்லிக்கொள்வார். இரண்டு பொய்யும் நாக்கு நுனிவரை வந்தன. நாற்பத்தியொரு நாள் இந்த மனிதர் மறுமுனையில் யாருமில்லாத போனில் பேசியிருக்கிறார். இன்னொரு பதிவு செய்த வாக்கியத்தை அவருக்குக் கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"ரெண்டும் இல்லப்பா. அழிக்கிற லிஸ்ட்ல உங்க நம்பர் இருந்துச்சு. ஒரு பொண்ணு அழிக்கட்டுமான்னு கேட்டா. அப்பதான் பார்த்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். விருந்தாளிகள், சிவப்பு, எப்போதும் பச்சை. சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நாங்களும் பண்ணியிருக்கோம்" என்றார். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர் வர்ற அன்னைக்கு லிஃப்ட்டோட அபாய மணி தப்பா அடிச்சு மானத்தை வாங்கக் கூடாதுன்னு ஒயரைக் கழட்டி விட்டுடுவோம். ஆளு போனதும் திருப்பி மாட்டிடுவோம்."

அவ்வளவுதான் சொன்னார். நீங்கள்தான் திருப்பி மாட்டவில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

போன் அதிர்ந்தது. அவசரம். அப்பா எப்படி இருக்கிறார் என்று முதலில் கேட்டான், உண்மையான அக்கறையோடு. எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னான். எல்லா சோதனை எண்களின் பச்சையையும் இன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். டெமோ என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள்.

"பிரமாதம். ஆஸ்பத்திரிக்காரங்க அசந்துட்டாங்க. நீ நேர்ல பேசற மாதிரியே இருந்துச்சாம்." ஒரு நொடி விட்டுச் சொன்னான், "நீ இல்லாமலே சமாளிச்சுட்டோம். கவலைப்படாதே."

கவலைப்படவில்லை என்றாள். அப்பாவின் எண்ணை மட்டும் யாரும் தொட வேண்டாம், அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தாள்.

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "எடுத்துடு" என்றார்.

எடுத்துவிட்டால் காலையில் போன் வராது என்றாள். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, இனி அழுத்தாவிட்டால் நிஜமாகவே மணி அடிக்கும் என்றாள். கம்பெனி வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே சமாதானங்கள். எழுதியவள் அவளே.

"போன் வருது, ஆள் இல்ல" என்றார் அப்பா. "அதுக்கு வராமயே இருக்கட்டும். யாரும் இல்லைன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துப்பேன்."

அவர் எதிரிலேயே போனைத் திறந்து அழித்தாள். நிச்சயமாகவா என்று அது ஒரு முறை கேட்டது. ஆமாம் என்றதும் பச்சைப் புள்ளி போய்விட்டது.

ஐந்து நாள் இருந்தாள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்றார் டாக்டர். அந்த ஐந்து நாளும் காலை ஏழேகாலுக்கு அப்பாவின் பார்வை இழுப்பறைப் பக்கம் ஒரு தரம் போய் வந்ததைக் கவனித்தாள். கேட்கவில்லை. பேசுவதற்கு நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தாள். மாத்திரை, வெந்நீர், கால் வலி தவிர அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. தன்னோடு வந்து இருக்கும்படி ஒரு தடவை கூப்பிட்டாள். உன் வீட்டில் நீயே ராத்திரிக்குத்தானே வருகிறாய் என்றார். கிளம்பும்போது அப்பாவின் போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, தையல்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்த மறுநாள் காலை ஏழேகாலுக்குத் தன் அறையில், ஒற்றைக் கட்டிலில் உட்கார்ந்து அவளே அப்பாவுக்குப் போன் போட்டாள். அதே நேரத்தில் ஒன்பதாயிரம் வீடுகளில் அவள் குரல் தடுமாறாமல் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்.

நான்காவது மணியில் எடுத்தார். பேசவில்லை. மூச்சு கேட்டது. பதிவு செய்த குரலுக்குக் காத்திருக்கிற பழக்கம் போலும். அவளுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த இரண்டு வாக்கியங்களைத் தவிர இந்த நேரத்தில் இந்த மனிதரிடம் அவள் எதுவும் சொல்லி மூன்று வருடம் ஆகிறது.

"நான்தாம்ப்பா" என்றாள்.

"ம்."

பத்து நொடி போயிருக்கும்.

"இங்க தூறுது" என்றார்.

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

"இங்க இல்லப்பா."

"சரி."

இருவரும் வைக்கவில்லை.